பதம் பார்த்த கடிதங்கள்

அன்று காலை கோயம்புத்தூரில் யாருடைய மெயிலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அலுவலகங்கள் திறந்து, அனுப்பியதற்குப் பதில் வரவில்லையே என்று ஆளாளுக்குச் சந்தேகம் கிளம்பிய பிறகுதான் விஷயம் பெரிதானது. நூற்பாலைக்காரர்கள் கூப்பிட்டார்கள், கல்லூரிகள் கூப்பிட்டன, கலெக்டர் ஆபீஸ் கூப்பிட்டது. பீளமேட்டில் 'நொய்யல் மெயில்' நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் இருந்த போன்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அலறின. இந்த ஊரில் நொய்யல் முகவரி இல்லாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அது நின்றால் ஊரே வாயடைத்துப் போனது மாதிரி.

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சம்யுக்தாவுடையது. நாற்பதைத் தாண்டியவள். ஒண்டிக்கட்டை. பதற்றம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும் சுபாவம். அவள் உள்ளே நுழையும்போதே உதவியாளன் அசார் எழுந்து நின்றுவிட்டான்.

"பதம்தான் விழுதுங்க்கா. எந்திரிச்சு நிக்குது, கொஞ்ச நேரத்துல மறுபடியும் பொத்துன்னு விழுந்துருது. காலையில இருந்து இதே கூத்துதான்."

பதம் என்பது நொய்யலின் பெருமை. அனுப்புகிற கடிதமும் வருகிற கடிதமும் அந்த ஒரு புரோகிராமின் வழியாகத்தான் போயாக வேண்டும். எழுத்துப் பிழையைத் திருத்தும், கோபத்தில் கொட்டிய வார்த்தையைக் கொஞ்சம் ஆற வைத்துக் கொடுக்கும் என்றுதான் விளம்பரம் செய்தார்கள். 'நாக்கு சுட்டாலும் எழுத்து சுடாது' என்று காந்திபுரம் முழுக்கப் பலகை வைத்தார்கள். கணக்குத் தொடங்கும்போது 'சம்மதம்' என்று ஒரு கட்டத்தில் டிக் அடிப்பீர்கள் அல்லவா, அதற்குள் பதமும் அடக்கம். படித்துப் பார்த்து டிக் அடித்தவர் யார்?

சம்யுக்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு லாகைத் திறந்தாள். ஒரு புரோகிராம் தான் செய்கிற ஒவ்வொரு வேலையையும் வரி வரியாகக் குறித்துக்கொண்டே போகும் பதிவுதான் லாக். ஆள் செத்துக் கிடந்தாலும் கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தான் என்று அது சொல்லிவிடும்.

"டிஸ்க்கு நெறஞ்சிருச்சா?"

"இல்லங்க்கா. பாதிக்கு மேல காலியாத்தான் கெடக்குது."

"போன வாரம் புதுசா ஏதாச்சும் ஏத்தினீங்களா?"

"ஒண்ணும் ஏத்தல."

"வெளியில இருந்து யாராச்சும் உள்ள புகப் பாக்கறாங்களா?"

"அதுவும் பாத்துட்டேங்க்கா. சுத்தமா இருக்குது."

லாகில் ஒவ்வொரு சாவும் ஒரே மாதிரி இருந்தது. பதம் எழுகிறது. வரிசையில் காத்திருக்கும் கடிதத்தை எடுக்கிறது. மெமரி மளமளவென்று ஏறுகிறது. இனி இடமில்லை என்றதும் கம்ப்யூட்டரின் இயக்க அமைப்பே அதன் கழுத்தைத் திருகிவிடுகிறது. மறுபடியும் எழுகிறது. ஒவ்வொரு சாவுக்கும் முந்தைய வரியைச் சம்யுக்தா ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே கடிதத்தின் எண்.

"ஒரே லெட்டர்தான் அசார். எழுந்ததும் அதையே எடுக்குது, அதையே முழுங்கப் பாத்துத் தொண்டையில சிக்கிச் சாகுது. பின்னாடி ஊரோட லெட்டரெல்லாம் காத்துக் கெடக்குது."

அந்த நேரம் பார்த்து நிறுவனத்தின் முதலாளி மோகனசுந்தரம் வந்து நின்றார். பதத்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"அந்த ஒரு லெட்டரத் தூக்கிக் கடாசிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கம்மா. ஒருத்தனுக்கு ஒரு மெயில் போகலீன்னா குடி முழுகிப் போயிராது."

"ஏன் விழுதுன்னு தெரியாம தூக்கிப் போட்டா நாளைக்கு இன்னொண்ணு வந்து நிக்கும் சார். கொஞ்சம் பொறுங்க."

லாகை விரிவாக எழுதச் சொல்லி உத்தரவு கொடுத்துவிட்டு, பதத்தை மறுபடியும் எழுப்பினாள். இதுவரை யாரும் அந்த அளவுக்கு விரித்துப் பார்த்ததில்லை. இப்போது திரையில் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. அதன் தலைப்பு 'நோவு'. பக்கத்தில் ஓர் எண். கடிதத்தைப் படிக்கப் போகிறவருக்கு எவ்வளவு வலிக்கும் என்று பதம் போடுகிற மதிப்பெண் அது. இருபதுக்குக் கீழே வந்தால்தான் கடிதம் வெளியே போகும்.

இந்தக் கடிதம் தொண்ணூற்றைந்தில் தொடங்கியது. பதம் அதைத் திருத்தி எழுதியது. தொண்ணூற்று நான்கு. ஆறுதலாக நாலு வரி சேர்த்தது. தொண்ணூற்று நான்கு. விசாரிப்பு, வாழ்த்து, வானிலை என்று பக்கம் பக்கமாகச் சேர்த்துக்கொண்டே போனது. எண் அசைந்து கொடுக்கவில்லை. ஒற்றைப் பத்தியாக வந்த கடிதம் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு புத்தகம் அளவுக்கு வீங்கி, மெமரி முழுவதையும் அடைத்து, பதத்தையும் சாய்த்தது.

"சமாதானம் சொல்லிச் சொல்லியே சாகுதுங்க்கா," என்றான் அசார். சிரிக்க ஆரம்பித்தவன், சம்யுக்தாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அவள் மூலக் கடிதத்தைத் திறந்திருந்தாள்.

'திரு. தங்கமுத்து, உங்கள் கழுத்தில் இருப்பது புற்றுநோய். முன்பே எழுதினேன், மறுபடியும் எழுதினேன், கெஞ்சியும் எழுதினேன். நன்றி என்று பதில் போடுகிறீர்களே தவிர வந்தபாடில்லை. இந்த வாரம் வந்து சேராவிட்டால் நீங்கள் செத்துப்போவீர்கள். இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியாது. டாக்டர் எழிலரசி.'

எந்தச் சொல்லை மாற்றினாலும் சாவு மிச்சமிருக்கிற கடிதம்; அதனால்தான் பதம் திணறியது. சம்யுக்தா முந்தைய கடிதங்களைத் தேடினாள். மூலக் கடிதங்களைச் சில வருடங்களுக்கு அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததால் எல்லாம் அங்கேயே இருந்தன. ஆனி மாதம் டாக்டர் முதலில் எழுதியது: 'பரிசோதனையில் புற்று உறுதியாகியிருக்கிறது. உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். தாமதிக்காதீர்கள்.' தங்கமுத்துவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது: 'அன்புள்ள தங்கமுத்து, நலமா? பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கழுத்தில் சின்ன வீக்கம்தான். கவலை வேண்டாம். வசதிப்படும்போது ஒருநாள் வந்து போனால் சந்தோஷம்.'

அவள் மறுபடியும் படித்தாள். எழுத்துகள் மாறவில்லை.

"சார், இது திருத்தம் இல்ல. இது வேற லெட்டர்."

மோகனசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்க அதுக்கு இதச் சொல்லிக் குடுக்கல. நோகாம சொல்லு, அவ்வளவுதான் சொன்னோம். பதில் சாந்தமா வந்தா நல்லபடியா செஞ்சிருக்கோம்னு அதுவே எடுத்துக்கும். அப்படியே பழகிப் பழகி..."

"சேதியை மாத்தாதேன்னு சொல்லவே இல்லையா?"

"சொல்லாம இருப்பமா? 'முடிஞ்ச வரைக்கும் மாத்தாதே'ன்னு சொன்னோம்."

"முடிஞ்ச வரைக்கும்," என்றாள் சம்யுக்தா.

"நீங்க ஒரு பக்கமே பாக்கறீங்க. நாம வந்ததுக்கு அப்பறம் இந்த ஊர்ல எத்தன விவாகரத்து நின்னுருக்குதுன்னு தெரியுமா? அண்ணன் தம்பி கோர்ட்டு வாசல்ல இருந்து திரும்பி வந்திருக்காங்க. நெஜமா, பொய்யான்னு யார் பாத்தா? நிம்மதியா இருந்தாங்கல்ல?"

அவள் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். டாக்டர் எழிலரசி எரிச்சலோடு பேசினார். "போன் பண்ணாமயா இருப்பேன்? ஆஸ்பத்திரி கார்டுல அவர் குடுத்திருக்கற நம்பர் தப்பு, யாரோ மேட்டுப்பாளையத்துக்காரர் எடுக்கறார். அந்த ஆள் மெயில்ல மட்டும் தேனா பேசறார், ஆளைக் காணோம்."

தங்கமுத்துவின் விலாசம் நொய்யலின் கணக்கில் இருந்தது. ஒண்டிப்புதூர், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. சம்யுக்தா கார் சாவியை எடுத்துக்கொண்டாள்.

* * *

பேக்கரியில் தேங்காய் பன் வாசனை தெருவரைக்கும் வந்தது. கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தங்கமுத்துவின் மனைவி கலாமணி. உள்ளே அடுப்பிலிருந்து தட்டை இழுத்துக்கொண்டிருந்தவர்தான் தங்கமுத்து. ஓங்குதாங்கான மனிதர். கழுத்தின் இடது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்ததை வாசலிலிருந்தே பார்க்க முடிந்தது.

"வாங்க வாங்க. என்னங் வேணும்? பப்ஸ் சூடா இருக்குதுங்."

"நான் நொய்யல் மெயில்ல இருந்து வர்றேங்க. உங்களுக்கு டாக்டர் எழுதின லெட்டர் விஷயமா."

அவர் முகம் மலர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் காட்டினார். "எழிலரசி டாக்டருங்ளா? எத்தன தங்கமான மனுஷி பாருங். ஒரு தடவ பாத்த ஆளுக்கு இப்படி அக்கறையா எழுதறாங். தீபாவளி யாவாரம் முடிஞ்சதும் ஓடியாறேன்னு பதில் போட்டிருக்கறனுங்."

"அது அவங்க எழுதினது இல்லைங்க."

"அவங்க பேருதானுங் போட்டிருக்குது?"

வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று சம்யுக்தா ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். இப்போது வாய் தானாகவே 'பயப்படாதீங்க' என்று தொடங்கப் பார்த்தது. 'பெருசா ஒண்ணும் இல்ல' என்று அடுத்த வரி நாக்கின் நுனியில் வந்து நின்றது. காலையில் திரையில் பார்த்த அதே வேலையைத் தானும் செய்யப் போகிறோம் என்று அவளுக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு போனைத் திறந்து, டாக்டர் எழுதியதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தாள்.

தங்கமுத்து பிரட் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். கை மட்டும் தானாகப் போய்க் கழுத்தைத் தொட்டது.

கலாமணி கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். "மொதல் லெட்டரு எப்ப எழுதினாங்க?"

"ஆனி மாசம்ங்க."

"இப்ப ஐப்பசி." அவள் குரல் ஏறவே இல்லை. "ஆடியில ஊஞ்சல் கட்டித் தூரியாடினோம். ஆவணியில எந் தங்கச்சி வீட்டு விசேசத்துக்கு ராவும் பகலும் நின்னு லட்டு புடிச்சாரு. அப்பவெல்லாம் அது அங்கதான் வளந்துட்டு இருந்துச்சு. அப்படித்தானுங்ளே?"

"ஆமாங்க."

"எங்களுக்கு நோவக்கூடாதுன்னு உங்ககிட்ட யாருங்க கேட்டா?"

சம்யுக்தா தலைகுனிந்து நின்றாள்.

"கெளம்புங்க," என்று கலாமணி கணவனின் தோளைப் பிடித்தாள். "இப்பவே."

"அடுப்புல பன் இருக்குது," என்றார் தங்கமுத்து. கண் எங்கேயோ இருந்தது. "எடுக்கலீன்னா கருகிப் போயிரும்."

"கருகட்டும்!"

ஆனாலும் அவர் எழுந்து போய்த் தட்டை வெளியே இழுத்தார். ஒவ்வொரு பன்னாகத் திருப்பிப் பார்த்து அடுக்கினார். அதுவரை இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள்.

சம்யுக்தாவே அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் மருத்துவமனையில் விட்டாள். டாக்டர் எழிலரசி முதலில் தங்கமுத்துவைப் பார்த்துக் கத்தத்தான் செய்தார். பிறகு அவர் நீட்டிய போனில் தன் பெயரில் வந்திருந்த கடிதத்தைப் படித்தார். படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"இது... நான் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு ரிசல்ட் எழுதறேன் தெரியுமா?"

அந்தக் கேள்வி அதுவரை சம்யுக்தாவுக்குத் தோன்றவே இல்லை.

தங்கமுத்துவுக்கு அந்த வாரமே அறுவை சிகிச்சை நடந்தது. குரல் போய்விட்டது, காற்று மாதிரித்தான் பேச முடிந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் அது பின்னால் தெரியவந்த சேதி. அன்றைக்கு மதியம் யாருக்கும் எதுவும் உறுதியாகத் தெரியாது.

* * *

அலுவலகத்துக்குத் திரும்பியதும் சம்யுக்தாவும் அசாரும் அந்த மருத்துவமனையின் கடிதங்களையெல்லாம் எடுத்து நோவு அதிகமாக இருந்தவற்றைத் தனியே பிரித்தார்கள். மருத்துவமனை ஆட்களும் இவர்களும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு போன் போட்டார்கள். சிலர் ஏற்கெனவே வேறு இடத்தில் காட்டி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் நம்பவில்லை. சிலர் அழுதார்கள். அசார் ஒரு போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"என்னாச்சு?"

"ஒரு பாட்டியம்மாளுக்குப் பண்ணினேங்க்கா. மருமக எடுத்தாங்க. காரியமெல்லாம் முடிஞ்சு போச்சுங்களாம்." பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிட்டுச் சொன்னான். "டாக்டர்கிட்ட எங்க நன்றியச் சொல்லீருங்க, கடைசி வரைக்கும் நம்பிக்கையா எழுதினாங்கன்னு சொன்னாங்க்கா."

சம்யுக்தா எழுந்து மோகனசுந்தரத்தின் அறைக்குப் போனாள்.

"பதத்தை நிறுத்தறேன் சார்."

"ஆஸ்பத்திரி மெயிலுக்கு மட்டும் நிறுத்துங்க. அதுல எனக்கு மறுபேச்சு இல்ல."

"மில்லுல பாய்லர் வெடிக்கப் போகுதுன்னு ஒருத்தர் எழுதியிருந்தா? பொண்ணு ஒருத்தி அடி தாங்கல, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு அம்மாவுக்கு எழுதியிருந்தா? அதெல்லாம் எப்படிப் போய்ச் சேந்திருக்கும்?"

ஒரே நாளில் அவருக்கு வயது கூடிவிட்டது போல இருந்தது. "ஒரேயடியா தொறந்து விட்டா ஊர் தாங்காதும்மா. இத்தன வருஷமா யாருக்கும் ஒரு சுடுசொல்லுகூடப் பழக்கம் இல்ல," என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பண்றதுன்னா பண்ணுங்க. என்னால அதக் கண்ணால பாக்க முடியாது."

அவள் பதத்தை நிறுத்தினாள். காலையிலிருந்து தேங்கிக் கிடந்த ஊர்க் கடிதங்கள் அத்தனையும், எழுதியவர் எழுதியபடியே, ஒரே மூச்சில் பாய்ந்து போயின.

போன்கள் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தன. பிறகு அடிக்க ஆரம்பித்தன. எங்கள் கணக்கில் யாரோ புகுந்து அசிங்கமாக எழுதுகிறார்கள் என்றார் ஒருவர். என் மகன் இப்படி எழுதுகிறவனே இல்லை என்று ஒரு பெண் கதறினாள். கூட்டாளியின் கடிதத்தைப் படித்துவிட்டு ஒருவர் எதுவுமே சொல்லாமல் போனில் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார். அசாருக்கும் ஏதோ ஒரு கடிதம் வந்தது. படித்தான். "டீ குடிச்சுட்டு வர்றேங்க்கா," என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வர வெகுநேரம் ஆனது.

சம்யுக்தா மூலக் கடிதங்கள் இருக்கும் கிடங்கின் முன் தனியாக உட்கார்ந்திருந்தாள். தேடல் கட்டத்தில் அவளுடைய விரல்கள் ஒரு பெயரை அடித்திருந்தன. மஞ்சரி.

மஞ்சரி அவளுடைய அக்கா. கனடாவில் ஹாலிஃபாக்ஸில் இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் அம்மா வென்டிலேட்டரில் கிடந்தபோது விசா சிக்கலால் அவளால் வர முடியவில்லை. இனி அதை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் நீட்டிய தாளில் சம்யுக்தாதான் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கே அக்காவுக்கு எழுதினாள். பதில் வருவதற்குள் செத்துச் செத்துப் பிழைத்தாள். வந்தது: 'சம்மு, நீ செய்ததுதான் சரி. உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.' அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தூங்கினாள், சாப்பிட்டாள், வேலைக்கு வந்தாள். அதன் பிறகு பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் இருவரும் இனிமையாக எழுதிக்கொண்டார்கள். போனில் பேசியதில்லை. அவ்வளவு அழகாக முடிந்த ஒன்றைக் கிளற அவளுக்குப் பயம்.

மூலக் கடிதத்தைத் திறந்தாள்.

'கல்யாண வீட்டில் பந்தி முடிந்த கதை சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். அம்மாவைக் கொன்றுவிட்டு உனக்குச் சாப்பாடு குறைவில்லாமல் நடந்ததுதான் பெரிதாகப் போய்விட்டதா? நான் சாகும்வரை என் முகத்தில் விழிக்காதே.'

சம்யுக்தா திரையைப் பார்த்தபடியே இருந்தாள். 'உன் இடத்தில் இருந்திருந்தால்' என்ற வரியை அதில் எங்கெங்கோ தேடினாள். அதை எழுதியது மஞ்சரி இல்லை. காலையிலிருந்து விழுந்து விழுந்து எழுந்த அந்தப் புரோகிராம் எழுதியது. அவள் கைப்பட எத்தனையோ முறை ஸ்டார்ட் செய்து வைத்தது.

பிறகுதான் அந்தச் சொல் உறுத்தியது. சாப்பாடா? அவள் சாப்பாட்டைப் பற்றி எழுதவே இல்லையே?

தான் அனுப்பிய கடிதத்தையும், அது அக்காவிடம் போய்ச் சேர்ந்த விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். அவள் எழுதியது: 'அக்கா, அம்மா பேச முடியாமல் என் உள்ளங்கையில் விரலால் போதும் போதும் என்று எழுதிக் காட்டினாள். கையெழுத்துப் போடும்போது என் பேரே மறந்துவிட்டது. நீ இருந்திருந்தால் என் கையைப் பிடித்துத் தடுத்திருப்பாயா? என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரே ஒரு தடவை போன் பண்ணு.' அக்காவுக்குப் போனது: 'அம்மா அமைதியாகப் போய்விட்டார்கள். எல்லாம் நல்லபடியாக நடந்தது. வந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவில்லை. நீ அலைய வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.'

அவள் வாயிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

போனை எடுத்தாள். அங்கே காலை நேரம். மணி வெகுநேரம் அடித்தது.

"யாருக்கு என்னடி ஆச்சு?" என்று எடுத்ததும் கேட்டாள் மஞ்சரி. மூன்று வருடம் கழித்துக் கேட்கிற குரல்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலக்கா. நான் ஒண்ணு படிக்கறேன், முழுசாக் கேளு. நடுவுல வெச்சுராத."

பதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, தான் எழுதியதை வாசித்தாள். 'போதும் போதும்' என்ற இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தாமல் படித்து முடித்தாள். அந்தப் பக்கம் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"அக்கா?"

"அன்னைக்கு உன் லெட்டர் வந்தப்ப நான் வீட்ல இல்ல, சம்மு," என்றாள் மஞ்சரி. "நீ கையெழுத்துப் போட்டதும் அம்மா போனதும் சொந்தக்காரங்க போன்ல சொல்லித் தெரிஞ்சுருச்சு. இங்க ஒரு பாலம் இருக்குது. அதுல நடுவுல நின்னுட்டு இருந்தேன். சும்மா வேடிக்கை பாக்க நிக்கல. அம்மா மூஞ்சியக்கூடப் பாக்க முடியலயே, இனி என்ன இருக்குதுன்னு... புரியுதா உனக்கு?"

சம்யுக்தா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அப்பத்தான் போன்ல வந்துச்சு. சாப்பாடு குறைவில்லைன்னு. எனக்கு வந்துச்சு பாரு ஒரு கோவம்! இவளுக்கு ஒரு பதில் எழுதாம சாகக் கூடாதுன்னு விடுவிடுன்னு வீட்டுக்கு நடந்து வந்தேன். வந்து எழுதினேன். எழுதி முடிச்சதும் பசிச்சுது. சாப்பிட்டேன். மறுநாளும் உம்மேல கோவம் இருந்துச்சு. அதுக்கு மறுநாளும். அந்தக் கோவத்தப் புடிச்சுட்டுத்தான்டி இருந்தேன்."

"நான் எழுதினது அப்படியே வந்திருந்தா?"



"தெரியல," என்றாள் மஞ்சரி. "என்கிட்டக் கேக்காத. தெரியல."

அறைக் கதவைத் திறந்துகொண்டு மோகனசுந்தரம் வந்து நின்றார். பின்னால் எல்லாப் போன்களும் அடித்துக்கொண்டிருந்தன. 'திரும்ப எழுப்பட்டுமா?' என்று கையால் கேட்டார். சம்யுக்தா அவரைப் பார்த்தாள். திரையில் 'பதம்: நிறுத்தப்பட்டது' என்ற வரியைப் பார்த்தாள். எது சரி என்று அந்த நிமிடம் யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"சம்மு, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"நான் இப்ப பேசறதெல்லாம் நான் பேசற மாதிரியே உனக்குக் கேக்குதா? நடுவுல ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லக்கா. அப்படியே கேக்குது."

"அப்ப நல்லாக் கேட்டுக்க," என்றாள் மஞ்சரி. மூச்சை இழுத்துவிட்டுத் தங்கையைத் திட்ட ஆரம்பித்தாள். சம்யுக்தா போனை இரண்டு கையாலும் பிடித்துக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டாள்.